வேலியும் ஒழுங்கையும்: ஹெக்ஸ் ஆடும் விதம்

வேலிக்கு இரண்டு நிலைதான் உண்டு. ஒன்றில் அடைபட்டிருக்கும், இல்லாவிட்டால் எங்கேயோ ஒரு பொட்டு இருக்கும். பொட்டு இருந்தால் அதுக்குள்ளால் பக்கத்து வீட்டுக் கோழியும் வரும், ஆடும் வரும், குறுக்கால் போகிற பள்ளிக்கூடப் பிள்ளையும் வரும். நூறு யார் வேலியில் தொண்ணூற்றொன்பது யார் அடைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பயனில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. ஹெக்ஸ் என்ற ஆட்டத்துக்கு அடிப்படையும் இதுதான்: ஒருவர் வேலி அடைக்கிறார், மற்றவர் ஒழுங்கை வெட்டுகிறார். யார் எதைச் செய்கிறார் என்பது பலகையை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

விதியை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பலகை சாய்சதுர வடிவம். 11 நிரை, 11 நிரல், மொத்தம் 121 அறுகோணக் கட்டங்கள். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் நீலத்துக்கு, இட விளிம்பும் வல விளிம்பும் சிவப்புக்கு. முறைக்கு ஒரு காய், வெறும் கட்டம் எதிலும் வைக்கலாம். வைத்த காய் நகராது, வெட்டுப்படாது. தன்னுடைய இரண்டு விளிம்பையும் அறுபடாத தொடரால் முதலில் இணைப்பவர் வென்றவர். மூலைக் கட்டம் அது தொடுகிற இரண்டு விளிம்புக்கும் பொது. டாமில் போல கட்டாய வெட்டு இல்லை, செஸ்ஸில் போல ஆறு வகைக் காய் இல்லை, தாயத்தில் போல சோகி குலுக்கி அதிர்ஷ்டம் பார்க்கிற வேலையும் இல்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த பியெட் ஹைன் 1942 இல் இதைக் கண்டுபிடித்தார். பொலிட்டிக்கன் நாளிதழில் அறிமுகமாகி, கட்டம் அச்சடித்த தாள் கட்டுகளாக விற்கப்பட்டது, பென்சிலால்தான் ஆடினார்கள். 1948 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கணித மாணவராக இருந்த ஜோன் நாஷ் தன்பாட்டில் இதையே கண்டுபிடித்தார். 1952 இல் பார்க்கர் பிரதர்ஸ் பெட்டியில் போட்டு விற்றபோது வைத்த பெயர்தான் ஹெக்ஸ். ஆகவே கொப்பியில் பேனையால் ஆடுவது ஏழைக்கேற்ற மாற்று அல்ல, ஆட்டம் பிறந்த விதமே அதுதான்.

கொப்பியில் ஆட, சதுரக்கோட்டுக் கொப்பி போதும். அறுகோணம் கீறவே தேவையில்லை. 11க்கு 11 சதுரங்களைச் சுற்றித் தடித்த கோடு போடுங்கள். ஒரு சதுரத்துக்கு மேல், கீழ், இடம், வலம் என நான்கு அயல் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு இரண்டு மூலை அயலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: வல மேல் மூலையில் தொடுகிற சதுரமும், இடக் கீழ் மூலையில் தொடுகிற சதுரமும். மற்ற இரண்டு மூலையும் அயல் அல்ல. ஆறு அயல் வந்துவிட்டது. கணக்குப்படி இது அறுகோணப் பலகையேதான். பலகைக்கு வெளியே ஓரத்தில் வல மேல்நோக்கிச் சாய்ந்த கோடு ஒன்றைப் பெரிதாகக் கீறி வையுங்கள். ஆட்டச் சூட்டில் முதலில் மறந்துபோவது எந்த மூலை அயல் என்பதைத்தான்.

நிரல்களுக்கு அ முதல் ஓ வரை எழுதினால் சரியாகப் பதினொன்று வரும். ஔ மட்டும் வெளியே நிற்கும். நிரைகளுக்கு மேலிருந்து கீழாக 1 முதல் 11. நடுக்கட்டம் ஊ6. அதன் அயல்கள் உ6, எ6, ஊ5, ஊ7, எ5, உ7. இந்த ஆறையும் ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள். இனி வருகிறதெல்லாம் இந்தக் குறியீட்டில்தான்.

காய் வைத்து ஆட விரும்பினால் பிரிஸ்டல் போட்டில் பலகை செய்யலாம். கவராயம் எடுத்து 121 அறுகோணம் கீற உட்கார்ந்தவர்கள் நான்காவது நிரையிலேயே கைவிட்டுவிடுவார்கள். அதற்குப் பதில் மதில் கட்டுகிற மாதிரிக் கீறுங்கள்: 3 சென்ரிமீற்றர் சதுரங்கள் 11 ஒரு நிரை, அடுத்த நிரையை ஒன்றரை சென்ரிமீற்றர் வலப்பக்கம் தள்ளி, அதற்கடுத்ததை இன்னும் ஒன்றரை வலப்பக்கம். அரைக் கல் தள்ளி வைத்த கல் ஒவ்வொன்றும் ஆறு கல்லைத் தொடும். மொத்த உயரம் 33 சென்ரிமீற்றர், அகலம் 48. கல்மதில் பார்த்துப் பழகிய கை இங்கே ஒரு பிழை விடும். மேசன் ஒரு வரியை வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததை இடப்பக்கம் தள்ளுவார். அப்படிக் கீறினால் சாய்சதுரம் வராது, செவ்வகம் வரும். அதில் மேல்-கீழ் ஆடுபவருக்கு ஒரு பாய்ச்சலில் நேராக இரண்டு நிரை கிடைக்கும், இடம்-வலம் ஆடுபவருக்கு ஒன்றரை நிரல்தான். ஆட்டம் தொடங்க முன்னமே நியாயம் போய்விடும். எல்லா நிரையும் ஒரே பக்கம்தான் தள்ள வேண்டும்.

இன்னொரு பிழை எண்ணிக்கையில் வரும். கவனக்குறைவில் 11 நிரை, 12 நிரல் என்று கீறிவிட்டால் பலகையைக் கிழித்துப் போடுங்கள். குறுகிய தூரம் கிடைத்தவர் இரண்டாவதாக ஆடினாலும் வெல்லலாம். மற்றவர் வைக்கிற ஒவ்வொரு கட்டத்துக்கும் சோடிக் கட்டம் ஒன்று இருக்கிறது, அதில் பதில் வைத்துக்கொண்டே போனால் சரி.

காய்க்கு சோடா மூடி நல்லது, ஆனால் 3 சென்ரிமீற்றர் கட்டத்தில் அது சற்றுப் பிதுங்கும். மூடிதான் என்றால் கட்டத்தை மூன்றரை ஆக்குங்கள். புளியங்கொட்டையும் சோகியும் கறுப்பு வெள்ளையாக அழகாக இருக்கும். குண்டுமணி வேண்டாம், உருளும். ஆளுக்கு 50 காய் இருந்தால் தாராளம். பலகை நிரம்பும்வரை போகிற ஆட்டம் அரிது.

ஏன் அறுகோணம் என்ற கேள்வி வரும். நான்கு காணி ஒரே மூலைக்கல்லில் சந்திக்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். எதிரெதிர்க் காணி இரண்டு என்னுடையது, மற்ற இரண்டு உங்களுடையது. மூலையால் நான் கடக்கலாமா, நீங்கள் கடக்கலாமா? வழக்கு வரும். இருவரும் கடக்கலாம் என்றால் வேலிக்கு அர்த்தமில்லை. இருவரும் கடக்கக் கூடாது என்றால் இருவருமே அடைபட்டு ஆட்டம் சமநிலையில் முடியும். அறுகோணங்கள் எங்கும் மூன்று மூன்றாகத்தான் சந்திக்கும். மூன்றில் இரண்டு கட்டாயம் ஒரே நிறம். வழக்குக்கு இடமில்லை. கொப்பியில் நாம் சேர்த்த அந்தச் சாய்கோடு ஒவ்வொரு நாற்சந்தியிலும் யாருக்கு வழி என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லி வைக்கிறது, அவ்வளவுதான்.

ஹெக்ஸில் சமநிலை வரவே முடியாது என்பதற்கும் காரணம் இதுதான். நம்பிக்கை இல்லாவிட்டால், 121 கட்டத்தையும் நீலமும் சிவப்புமாக எப்படி வேண்டுமானாலும் நிரப்புங்கள். விளிம்புகளுக்கும் அவற்றின் நிறத்தைத் தீட்டுங்கள். இட மேல் மூலையிலிருந்து கட்டங்களுக்கு இடையிலுள்ள கோட்டில் நடக்கத் தொடங்குங்கள். எப்போதும் இடக்கைப் பக்கம் நீலம், வலக்கைப் பக்கம் சிவப்பு. ஒவ்வொரு சந்தியிலும் எதிரே நிற்கிற மூன்றாவது கட்டம் நீலமென்றால் வலப்பக்கம் திரும்ப வேண்டும், சிவப்பென்றால் இடப்பக்கம். எங்கும் தடைப்படாது, போன வழியிலேயே திரும்பியும் வராது. கடைசியில் வல மேல் மூலையால் வெளியே வந்தால் சிவப்பு வென்றிருக்கிறது. இடக் கீழ் மூலையால் வந்தால் நீலம். இந்தச் சின்ன நடையை கணிதக்காரர்கள் எளிதில் விடவில்லை. டேவிட் கேல் 1979 இல் இது புரவரின் நிலைப்புள்ளித் தேற்றத்துக்குச் சமமானது என்று காட்டினார்.

இதன் பலன் ஆடுபவருக்கு நேரடியானது. எதிராளி எல்லா வழியிலும் அடைபட்டால் நீங்கள் இணைந்தாயிற்று. தாக்குவது ஒரு வேலை, தடுப்பது இன்னொரு வேலை என்று பிரித்து வைக்காதீர்கள். எந்தப் பக்கம் இணைக்கக் கஷ்டமாக இருக்கிறதோ, அந்த நேரம் அவரை எங்கே அடைக்கலாம் என்று பாருங்கள். இரண்டும் ஒரே கட்டத்தில் வந்து நிற்கும்.

இனி ஆட்டத்தின் உயிர்நிலை. அடுத்தடுத்த கட்டத்தில் காய் வைத்து ஊர்ந்து போகிறவர் தோற்பார். ஊ6 இல் நீலம், எ4 இல் நீலம். இரண்டும் தொட்டுக்கொண்டில்லை. ஆனால் நடுவில் ஊ5, எ5 என்று இரண்டு பொட்டு. சிவப்பு ஊ5 ஐ அடைத்தால் நீலம் எ5 ஆல் போகும். எ5 ஐ அடைத்தால் ஊ5 ஆல் போகும். ஒரே முறையில் இரண்டையும் அடைக்க முடியாது. மற்ற நாடுகளில் இதைப் பாலம் என்கிறார்கள். இரட்டைப் பொட்டு என்பது நமக்குக் கிட்டச் சொல்லாக இருக்கும்: "இதை அடைச்சா அதால வருவன்."

ஊ6 இலிருந்து இரட்டைப் பொட்டுள்ள இடங்கள் ஆறு: எ4, ஏ5, எ7, உ8, ஈ7, உ5. செஸ் தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்வதென்றால், வல மேல்நோக்கிய இரண்டு குதிரைப் பாய்ச்சல், இடக் கீழ்நோக்கிய இரண்டு குதிரைப் பாய்ச்சல், பிறகு அயல் அல்லாத அந்த இரண்டு மூலை. குதிரைக்கு எட்டுப் பாய்ச்சல் என்ற பழக்கத்தில் எ8 இல் வைத்துவிட்டு இணைப்பு இருக்கிறது என்று நம்புவதுதான் கொப்பியில் ஆடுபவர்கள் விடுகிற முதல் பிழை. ஊ6க்கும் எ8க்கும் பொதுவான அயல் ஒன்றுகூட இல்லை. சந்தேகம் வந்தால் இரண்டு பொட்டையும் எண்ணிப் பாருங்கள்.

ஐந்தே காயில் பலகை முழுவதும் கடக்கலாம்: ஏ2, எ4, ஊ6, உ8, ஈ10. ஒவ்வோர் இடைவெளியிலும் இரண்டு பொட்டு. ஏ2 இலிருந்து மேல் விளிம்புக்கு ஏ1, ஐ1. ஈ10 இலிருந்து கீழ் விளிம்புக்கு ஈ11, இ11. ஆறு சோடியில் எந்தக் கட்டமும் இரண்டு முறை வரவில்லை. அதனால் சிவப்பு எதில் நுழைந்தாலும் நீலம் அதன் சோடியில் வைத்தால் போதும். பழகியவர்கள் இந்த இடத்தில் கைகொடுத்து எழும்பிவிடுவார்கள். பழகாதவர் இரண்டு பிழை விடுவார். ஒன்று, சிவப்பு ஒரு பொட்டில் நுழைந்ததைக் கவனிக்காமல் வேறெங்கோ வைப்பது. மற்றது, யாரும் நுழையாமலே பயத்தில் தன் பொட்டைத் தானே நிரப்புவது. இரண்டாவதுதான் கூடுதலாக நடக்கிறது. அது ஒரு முறையைச் சும்மா விட்டுக்கொடுப்பதற்குச் சமம், ஹெக்ஸில் ஒரு முறையின் விலை பெரும்பாலும் முழு ஆட்டம்.

விளிம்புக்கும் இதே கணக்கு. விளிம்பிலிருந்து இரண்டாம் நிரையில் நிற்கும் காய், கீழே இரண்டு கட்டமும் வெறுமையென்றால், இணைந்தது. மூன்றாம் நிரையில் நின்றாலும் இடம் இருந்தால் இணைந்ததுதான், ஆனால் அதை நம்ப ஒரு தடவை கையால் ஆடிப் பார்க்க வேண்டும். நீலம் உ9. அதற்குக் கீழே ஈ10, உ10. ஈ10க்கு ஈ11, இ11 என்ற பொட்டுகள். உ10க்கு உ11, ஈ11. இரண்டு வழியும் ஈ11 என்ற ஒரே கட்டத்தை நம்பியிருக்கின்றன, சிவப்பு அங்கேதான் வைக்கும். அப்போது நீலம் ஊ10க்குப் பாய வேண்டும். உ9 உடன் இணைய ஊ9, உ10; விளிம்புக்கு ஊ11, உ11. முடிந்தது. இதற்குத் தேவையான இடம் ஒன்பதாம் நிரையில் 2, பத்தாம் நிரையில் 3, பதினோராம் நிரையில் 4, காயோடு சேர்த்து ஒன்பது கட்டம். வலப்பக்கம் இடமில்லாமல் இடப்பக்கம் இருந்தால் இதே வித்தை மறுபக்கமும் வேலை செய்யும். நான்காம் நிரைக் காய்க்கு இதைவிட மிக அகலமான வெளி தேவை. அதைப் பாதுகாப்பென்று எண்ணி இருக்காதீர்கள்.

சிவப்பு ஈ11 ஐத் தேடிப்போன விதத்தைக் கவனியுங்கள். எதிராளி உங்களை வெல்ல எத்தனை வழி வைத்திருக்கிறார் என்று பார்த்து, அந்த வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான கட்டங்களில்தான் நீங்கள் வைக்க வேண்டும். பொதுக் கட்டம் ஒன்றுமே இல்லையென்றால் தோற்றாயிற்று. நன்றாக ஆடுபவர் நெடுநேரம் யோசிப்பது பெரும்பாலும் இந்தக் கழித்தலைத்தான்.

தடுப்பதில் எல்லோருக்கும் வருகிற குணம், ஆடு தலை நீட்டுகிற இடத்திலேயே கதியாலை ஊன்றுவது. அது எப்படித் தோற்கிறது என்று பார்க்கலாம். நீலம் ஊ7 இல் நின்று கீழே வரப் பார்க்கிறது, இடக் கீழ்ப்பக்கம் வெறுமை. சிவப்பு ஊ8 இல் முகத்துக்கு நேரே வைக்கிறது. நீலம் உ8. சிவப்பு மறுபடியும் முகத்துக்கு நேரே, உ9. நீலம் ஈ9. இனி சிவப்புக்கு வழியில்லை: ஈ9 மூன்றாம் நிரைக் காய், ஈ10, இ10 இரண்டும் திறந்திருக்கின்றன, இரண்டுக்கும் பொதுவான இ11 இல் சிவப்பு வைத்தால் நீலம் ஆ10க்குப் பாயும், ஈ9 உடன் இணைய இ9, இ10, விளிம்புக்கு ஆ11, அ11. சிவப்பு இரண்டு கதியால் நட்டது, இரண்டும் நீலம் விட்டுப்போன இடத்தில் நிற்கின்றன. தடுப்பதென்றால் குறைந்தது இரண்டு நிரை தள்ளி, ஆடு எங்கே வளைந்து வரும் என்று பார்த்து அங்கே நடுங்கள். நடுகிற காய் உங்கள் பழைய காய் ஒன்றுடன் இரட்டைப் பொட்டில் நின்றால் இன்னும் நல்லது. தனிக்கதியால் வேலியாகாது.

ஏணி என்றொரு நிலை இருக்கிறது. புதிதாக ஆடுபவர்களில் பாதிப்பேர் இதில்தான் விழுகிறார்கள். நீலம் பத்தாம் நிரையில் ஈ10 இல் நிற்கிறது, ஆனால் ஈ11, இ11 இரண்டிலும் சிவப்பு இருக்கிறது. நீலம் உ10 வைத்து உ11 ஐக் கேட்கிறது. சிவப்பு உ11 இல் அடைக்கிறது. நீலம் ஊ10, சிவப்பு ஊ11. இப்படியே வலப்பக்கம் ஊர்ந்து போகலாம், ஒவ்வொரு தடவையும் சிவப்பு கட்டாயம் பதில் வைக்க வேண்டும். நீலத்துக்கு இது தாக்குதல் மாதிரித் தோன்றும். ஆனால் சிவப்பு பதினோராம் நிரையில் இடமிருந்து வலமாகத் தொடராக வேலி அடைத்துக்கொண்டு போகிறது. அதுவே வல விளிம்பை எட்டிவிட்டால்? நீலம் தன் கையாலேயே சிவப்புக்குக் கதியால் எடுத்துக் கொடுத்த கதை.

ஏணியை ஓடலாம், முன்னால் உங்களுக்கு ஒரு காய் காத்திருந்தால் மட்டும். ஐ10 இல் நீலம் ஏற்கெனவே இருந்தால், ஏணி ஏ10ஐ அடைந்த கணம் அதோடு சேர்ந்துவிடும். ஐ10க்கு ஐ11, ஏ11 என்று இரண்டு பொட்டு இருப்பதால் சிவப்புக்கு விடையில்லை. ஆகவே முதலில் ஐ10, பிறகு ஏணி. அந்த ஐ10 வைக்கும்போது அது வேறேதாவது மிரட்டலையும் சேர்த்துச் செய்யுமானால், சிவப்பு அந்த மிரட்டலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஏணியை இறக்கிவிடலாம். முன்னால் காயில்லாத ஏணியைத் தொடங்கவே வேண்டாம். மிஞ்சிப் போனால் ஒன்றிரண்டு படி.

முதல் ஆடுபவர் பற்றி. ஹெக்ஸில் முதல் ஆடுபவருக்கு எப்போதும் வெல்லும் வழி உண்டு என்று நாஷ் நிறுவினார். சமநிலை இல்லாததால் இருவரில் ஒருவருக்கு வெல்லும் வழி இருந்தாக வேண்டும். அது இரண்டாமவருடையது என்று வைத்துக்கொண்டால், முதலாமவர் எங்காவது ஒரு காயைப் போட்டுவிட்டு அதே வழியைத் தான் எடுத்துக்கொள்வார். கூடுதலாக நிற்கும் ஒரு காய் ஹெக்ஸில் ஒருபோதும் கெடுதல் செய்யாது. ஆக இரண்டாமவருக்கு அப்படியொரு வழி இருக்க முடியாது. ஆனால் அந்த வழி எது என்று இந்த நிறுவல் சொல்லாது. 9க்கு 9 பலகையில் எல்லாத் தொடக்கத்துக்கும் கணினிகள் விடை கண்டிருக்கின்றன. 11 இல் மனிதர்கள் இன்னும் நிம்மதியாகச் சண்டை பிடிக்கலாம்.

நடைமுறையில், முதல் காயை ஊ6 இல் வைக்கவிட்டால் ஆட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். இதற்கு மருந்து நமக்குத் தெரிந்ததுதான்: காணியைப் பிரிப்பவர் ஒருவர், பங்கைத் தெரிபவர் மற்றவர். முதலாமவர் ஒரு காய் வைப்பார். இரண்டாமவர் அதைப் பார்த்து, "அந்தப் பக்கம் எனக்கு" என்று சொல்லலாம். சொன்னால் நிறமும் விளிம்பும் கைமாறும், வைத்த காய் அங்கேயே நிற்கும், அடுத்த காய் முதலாமவர் கையால். இந்த உரிமை முதல் காய்க்குப் பிறகு ஒரே தடவைதான். காயைத் தூக்கி மறுபக்கம் வைத்து மாற்றுகிற வழக்கமும் உண்டு, அதில் எண்ணிப் பிழைவிட இடமிருக்கிறது. பேனைகளை மாற்றிக்கொள்வது சுத்தம்.

இந்த விதி வந்ததும் முதல் காயை எங்கே வைப்பது என்பதே ஒரு கலையாகிவிடும். நல்ல கட்டத்தில் வைத்தால் பறிபோகும், மோசமான கட்டத்தில் வைத்தால் உங்கள் தலையில் நிற்கும். இட மேல், வலக் கீழ் மூலைகள் கூர்முனைகள். அ1க்கு இரண்டே அயல், அங்கே தொடங்கினால் தோல்வி என்பது நிறுவப்பட்டது. மற்ற இரண்டு மூலைக்கும் மும்மூன்று அயல், அவை விரிமுனைகள். கூர்முனைக்கு அருகே, அ2 அல்லது இ2 மாதிரியான இடங்களில் நீலம் தொடங்கினால் எடுக்கலாமா விடலாமா என்று மற்றவர் உண்மையிலேயே யோசிப்பார். நடுவை ஒட்டி எதை வைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

பிள்ளைகளுக்குப் பழக்க 5க்கு 5 இல் தொடங்குங்கள், ஆனால் அங்கே நடுக்கட்டத்தை எடுத்தவர் வெல்வார் என்பதை அவர்கள் ஒரு பின்னேரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்த அன்றே 7க்கு ஏற்றுங்கள், இரட்டைப் பொட்டு கைக்கு வந்ததும் 11. கொப்பியில் ஆடும்போது வெறும் புள்ளி வைக்காமல், நீலப் பேனையும் சிவப்புப் பேனையுமாக 1, 2, 3 என்று முறை எண்ணையே கட்டத்துக்குள் எழுதுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு எந்த எண்ணில் வேலி உடைந்தது என்று இருவரும் திரும்பப் பார்க்கலாம். பெரும்பாலும் அது நீங்கள் சண்டை பிடித்த கடைசிக் காயாக இராது. எட்டாவதோ பத்தாவதோ காயில், யாரும் கவனிக்காத ஒரு மூலையில் இருக்கும்.